மனைவிக்கு மறுமணம் செய்து வைத்த நோயாளி! "ரத்தக் கண்ணீர்" நாடகத்தின் கதை

கட்டிய கணவனே முன்னின்று, தன் மனைவியை நண்பன் கையில் பிடித்துக் கொடுக்கிறான். அந்தக் கணவன் ஒரு குஷ்டரோகி. கண் பார்வையும் போய்விட்டது.

விதவைக்கு மறுமணம் என்றாலே ஊர் கூடிப் பேசிய காலம் அது. அந்தக் காலத்தில் இப்படி முடிகிற ஒரு நாடகம் ஆயிரக்கணக்கான முறை மேடை ஏறியது. அதுதான் "ரத்தக் கண்ணீர்". கணவனாக நடித்தவர் "நடிகவேள்" எம். ஆர். ராதா.

மேடையே பள்ளிக்கூடம்

ராதா சென்னைக்காரர். 1907-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி, நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

பிறகு பெரியாரின் கொள்கையில் பற்றுக் கொண்டார். சீர்திருத்த நாடகங்களை ஊர் ஊராக நடத்தினார். அவற்றுள் பெரும் புகழ் பெற்றது "ரத்தக் கண்ணீர்". எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. 1940-களின் இறுதியில் இது மேடைக்கு வந்தது.

கதை என்ன?

மோகன் பணக்கார வீட்டுப் பிள்ளை. சீமைக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்புகிறான். பெற்ற தாயை மதிக்கவில்லை. குணவதியான மனைவி சந்திரா வீட்டில் இருக்க, காந்தா என்ற தாசியே கதி என்று கிடக்கிறான். சொத்து கரைகிறது. உடலில் நோய் பற்றுகிறது. கையில் பணம் இருந்தவரை கொஞ்சிய காந்தா, அவனை வெளியே துரத்துகிறாள்.

கண் இழந்து, தெருவில் பிச்சை எடுக்கும் மோகனுக்கு ஒரு பெண் சோறு போடுகிறாள். அவள்தான் சந்திரா! அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது.

உண்மை வெளிப்பட்டதும் மோகன் அவளைத் தன்னோடு இருக்கச் சொல்லவில்லை. "உன் வாழ்வு உனக்கு வேண்டும்" என்ற எண்ணத்தோடு, அவளைத் தன் நண்பன் பாலுவுக்கு மணம் முடித்து வைக்கிறான். வாழ்நாள் முழுவதும் அவளை நேசிக்காதவன், கடைசியில் காட்டிய அன்பு அது ஒன்றுதான்.

சிரிப்பும் கண்ணீரும்

முதல் பாதியில் ராதா கோட்டும் சூட்டுமாக வந்து மிடுக்காகப் பேசுவார். பின் பாதியில் ஆளே மாறிவிடுவார். விரல்கள் மடங்கிவிடும். குரல் கரகரக்கும். அந்த நிலையிலும் கேலியும் கிண்டலும் பறக்கும். கொட்டகை சிரிக்கும். அடுத்த நிமிடம் அழும்.

அன்றன்று பத்திரிகையில் வந்த செய்தி, அன்று இரவே அவர் வாயில் வசனமாக வந்துவிடும். அதனால் ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள்.

1954-ல் சென்னை அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்தது. ராதாவின் நாடகங்களை மனதில் வைத்தே அது வந்தது என்று பேசப்பட்டது.

அதே ஆண்டு தீபாவளி சமயத்தில் "ரத்தக் கண்ணீர்" திரைப்படமாக வெளிவந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். பல ஆண்டுகள் திரைப்படத்தை விட்டு விலகி இருந்த ராதாவே மோகனாக நடித்தார். ஸ்ரீரஞ்சனி சந்திராவாகவும், எம். என். ராஜம் காந்தாவாகவும், எஸ். எஸ். ராஜேந்திரன் பாலுவாகவும் நடித்தார்கள்.

ஆந்திராவில் நடிகர் நாகபூஷணம் இந்த நாடகத்தைத் தெலுங்கில் நடத்தினார். அவர் பெயரோடு "ரக்த கண்ணீரு" என்ற அடைமொழியே ஒட்டிக்கொண்டது. கன்னடத்தில் 2003-ல் உபேந்திரா நடித்த படம் வந்தது.

ராதா 1979-ல் காலமானார். சென்னை வேப்பேரி பெரியார் திடலில் அவர் பெயரில் ஒரு மன்றம் இருக்கிறது.

நாடகம் சொன்ன தவறு

தாசி வீட்டுக்குப் போனவனுக்குத் தொழுநோய் வந்தது என்று நாடகம் காட்டியது. அது உண்மை அல்ல.

தொழுநோய் பாவத்தின் சம்பளம் அல்ல. பரம்பரை நோயும் அல்ல. அது ஒரு கிருமியால் வருகிறது. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே அதைக் கண்டுபிடித்தார். சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கிப் பழகினால்தான் நோய் தொற்றக்கூடும். பெரும்பாலோருக்கு அதை எதிர்க்கும் சக்தி உடலிலேயே இருக்கிறது.

இன்னொரு விந்தை! மேடையில் மோகன் மருந்தின்றித் தவித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னைக்குப் பக்கத்தில் செங்கற்பட்டில், டாக்டர் காக்ரேன் புதிய மருந்தால் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். 1981 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. ஆறு மாதம் அல்லது ஓர் ஆண்டு மருந்து சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும்.

சட்டம் மாறியது

மருந்து வந்த பிறகும் மனம் மாறவில்லை. 1955-ம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், தீராத கொடிய தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. நோய் தீரும் என்று ஆன பிறகும் அந்த விதி நீடித்தது. 2019-ல்தான் பாராளுமன்றம் ஐந்து சட்டங்களிலிருந்து அதை நீக்கியது.

இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. தோலில் நிறம் வெளுத்த, உணர்ச்சி இல்லாத படை தெரிந்தால், மறைக்காமல் அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். மருந்து இலவசம். தொடக்கத்திலேயே சாப்பிட்டால் விரல் மடங்காது. கண் போகாது.

மோகன் இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் பிச்சை எடுக்க நேர்ந்திருக்காது. வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டுக் குணமாகியிருப்பான். சந்திராவிடம் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டியது, தான் செய்த துரோகத்துக்காக. நோய்க்காக அல்ல.