கிளட்சைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகள்

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் சங்கரன்கோவில் ரத வீதிப் பக்கம் காரை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் கியரில், பாதி மிதித்த கிளட்சோடு ஊர்ந்துதான் போக வேண்டும். கிளட்ச் பிளேட் உரசிச் சூடேறித் தேய்வது அப்போதுதான். அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்கும்போது எல்லோரும் பிளேட் விலையைத்தான் பேசுவார்கள். பிரஷர் பிளேட்டைப் பிளைவீலோடு சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை யாரும் கேட்பதில்லை. பல சிறிய கார்களில் அவை ஆறே ஆறு. ஒன்றில் மரை போயிருந்தால், "பன்னிரண்டாம் நம்பர் போல்ட் ஒண்ணு வாங்கிட்டு வாப்பா" என்று பையனை அனுப்புவதோடு சரி.

பன்னிரண்டு என்பது ஸ்பானரின் அளவு. இந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது 8 மி.மீ. போல்ட். ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் அதன் தலைக்கு 12 நம்பர் ஸ்பானர், ஐரோப்பியக் கார்களில் 13. மரையின் இடைவெளி வழக்கமாக 1.25 மி.மீ.; ஆனால் 1 மி.மீ. நெருக்க மரையும் கடையில் கிடைக்கும். பிரிட்டிஷ் வடிவமைப்பு எஞ்சின் கொண்ட பழைய அம்பாசடரில் அங்குல மரை. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று ஏறி இறுகும். மேலும் முறுக்கினால் பிளைவீலின் மரையே போய்விடும். கையால் கடைசி வரை சுலபமாக ஏறாத போல்ட்டை அங்கே போடவே கூடாது.

அளவை விட முக்கியமானது தலையில் பொறித்திருக்கும் எண். 8.8 என்றால் முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரை அறுந்துபோகாது என்பதைக் குறிக்கும். அடுத்த எட்டு, அந்த விசையில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பதைச் சொல்லும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1367 இதைத்தான் வகுத்திருக்கிறது.

போல்ட் ஏன் நீள வேண்டும்? சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டும் ரப்பரைப் போல, போல்ட்டும் இழுபட்டு நிற்பதால்தான் பிடிக்கிறது. 8 மி.மீ., 8.8 போல்ட்டை 25 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அது சுமார் 1.6 டன் விசையில் இறுக்கும். ஆறு போல்ட்டும் சேர்ந்தால் ஒன்பது டன்னுக்கு மேல். அந்த அழுத்தத்தில் பிரஷர் பிளேட்டின் உறைக்கும் பிளைவீலுக்கும் இடையே எழும் உராய்வு ஆயிரம் நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்கும். சிறிய காரின் எஞ்சின் தருவதோ 90 சொச்சம். ஆக, எஞ்சினின் முறுக்கை உண்மையில் கடத்துவது உராய்வு. போல்ட்டின் வேலை அந்த உராய்வைக் காப்பது.

விசைத்தறிக்கும் மோட்டார் செட்டுக்கும் விற்கும் சாதாரண எம்எஸ் (மென் எஃகு) போல்ட்டை இங்கே போட்டால் என்ன ஆகும்? 4.6 தரமுள்ள அது 900 கிலோ விசையிலேயே இளகி நீளத் தொடங்கும். முறுக்கு 25 நியூட்டன் மீட்டர் வருவதற்குள் அதன் கதை முடிந்துவிடும். எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காதுதான், ஆனால் மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். லேத்தில் கடைந்து வாங்குவதும் தப்பு. சென்னை பாடியில் 1966 முதல் ஹைடென்சில் போல்ட் செய்துவரும் சுந்தரம் பாஸ்டனர்ஸ் போன்ற ஆலைகளில் மரையை வெட்டி எடுப்பதில்லை, அழுத்தி உருட்டுகிறார்கள். அதனால் உலோகத்தின் இழைகள் அறுபடாமல் மரையோடு வளைந்து போகின்றன. பல மாதம் அதிர்ந்தாலும் மரையின் அடியில் சுலபத்தில் விரிசல் விடாது.

நல்ல போல்ட்டும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. பிரஷர் பிளேட் உறையின் விளிம்பு சில மில்லிமீட்டர் தகடுதான். அவ்வளவு குட்டையான பிடியில் போல்ட் நீள்வது சுமார் 0.02 மி.மீ., தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. தலைக்கு அடியில் ஒரு படலம் பெயின்ட்டோ துருவோ இருந்து, ஓட்டத்தில் அது நசுங்கினால் அந்த நீட்சி முழுவதும் போய்விடும். பிடி தளர்ந்ததும் உறை பக்கவாட்டில் அசையும். அந்தப் பக்கவாட்டு நழுவல்தான் போல்ட்டைக் கழற்றுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். போல்ட் தலை உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைப்பதைச் சில்லறை வேலை என்று ஒதுக்கக் கூடாது.

மரையில் எண்ணெய் வடிய விட்டால் எதிர்மாறான ஆபத்து: முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அதே 25 காட்டும், போல்ட்டோ அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். கம்பெனி கையேடு சொன்ன இடத்தில் மட்டும் மரைப் பசை போதும். எதிரெதிர் போல்ட்டுகளாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் உறையைக் கோணலாக்கும்.

நீளம் கடைசியில் பார்க்க வேண்டியது. சில கார்களில் மரைத் துளை பிளைவீலில் பாதியிலேயே முடிந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ள போல்ட் அடியில் முட்டி நிற்கும். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், தலைக்கும் தகட்டுக்கும் நடுவே மட்டும் இடைவெளி இருக்கும். புதிதாக வாங்கியதைப் பழையதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஒரு நொடி போதும்.