கள்ளிமுளையானைத் தொட்டியில் வளர்த்தலும் தொட்டி மாற்றலும்

கரட்டு நிலங்களிலும், பாறை இடுக்குகளிலும், முட்புதர்களின் அடியிலும் மழைக்குப் பின் தளிர்த்து நிற்கும் கள்ளிமுளையானை மானாவாரிப் பகுதி விவசாயிகள் பலரும் அறிவர். ஆடு மேய்ப்போர் அதன் இளந்தண்டை ஒடித்து அப்படியே மெல்லுவதுண்டு. புளி, மிளகாய், உப்புச் சேர்த்துத் துவையலாக அரைப்பதும் உண்டு. கேட்பாரற்று விளையும் இச்செடியைத் தொட்டியில் வைத்து வளர்ப்பானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். இதன் சாரத்தை உடல் பருமனைக் குறைக்கும் மாத்திரைகளிற் சேர்க்கத் தொடங்கிய பின்னர், தண்டுகளுக்கு விலை ஏற்பட்டுவிட்டது. விலை ஏற்பட்ட இடத்தில் வேரோடு பிடுங்குவோரும் ஏற்படுவர். கரடுகள் கல்லுடைக்கும் இடங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவருவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆகவே ஊருக்குப் பத்து வீடுகளிலாவது இச்செடி இருத்தல் நலம். மாத்திரையின் குணத்தைப் பற்றி இக்கட்டுரை ஒன்றும் சொல்ல வரவில்லை.

தாவர நூலார் இதனைக் காரலுமா அட்செண்டென்ஸ் என்பர். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி 1795-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமது நூலில் வில்லியம் ராக்ஸ்பரோ என்பார் இதனை முதன்முதல் விவரித்தார். தெலுங்கு மக்கள் இதற்கு வழங்கிய பெயரே பின்னர் இவ்வினம் முழுமைக்கும் பெயராயிற்று. பெயரில் கள்ளி இருப்பினும் இது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, எருக்கின் உறவு. தண்டு நாற்பட்டையாயும் சதைப்பற்றுள்ளதாயும் இருக்கும். இலைகள் மிகச் சிறியவை. தோன்றிய சில நாட்களில் உதிர்ந்து, பட்டைகளின் ஓரத்தில் பல்போன்ற முனைகள் மட்டும் எஞ்சும். நுனி மெலிந்து நீண்டு, அதில் கருஞ்சிவப்பான சிறு பூக்கள் தோன்றும். அவற்றை நாடி வருபவை தேனீக்களல்ல, ஈக்களே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சதுரக்கள்ளியின் இளங்கிளையும் பட்டையுடையதாதலால், அறியாதார் இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடும். சதுரக்கள்ளியை ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஊறு விளைவிக்கும். கள்ளிமுளையானில் நீர் போன்ற சாறன்றிப் பால் வராது. பால் கண்டால் வாயில் வைக்கலாகாது. இதனைச் சிறுவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

செடி பெறுவதற்கு வேரைத் தோண்ட வேண்டுவதில்லை. முற்றிய தண்டில் நான்கு அங்குல நீளம் கூரிய கத்தியால் அறுத்தெடுத்தாற் போதும். அடித்தண்டும் வேரும் நிலத்தில் நின்றால் அடுத்த மழைக்கு மீண்டும் தளிர்க்கும். காப்புக்காடுகளில் அனுமதியின்றி எதனையும் எடுப்பது 1882-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றமாதலால், சொந்த நிலத்து வேலியிலிருந்தோ, ஏற்கெனவே வளர்ப்பவரிடமிருந்தோ துண்டுகளைப் பெறவேண்டும். கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு எடுத்துரைத்தால் நன்று.

அறுத்த துண்டை அன்றே நடுவது பெரும்பிழை. பச்சைக் காயம் ஈரமண்ணில் பட்டால் பூசணம் ஏறி, ஒரு வாரத்துக்குள் அடி கறுத்து அழுகிவிடும். துண்டுகளை நிழலிற் காற்றோட்டமான இடத்தில் ஐந்து முதல் ஏழு நாள் பரப்பிவைக்க, வெட்டுவாய் காய்ந்து தோல் மூடும். அதன் பின்னரே ஓரங்குல ஆழத்தில் நடவேண்டும். நட்டும் ஒரு வாரம் தண்ணீர் கூடாது. நெல்லும் வாழையும் வளர்த்துப் பழகிய கைக்கு இது கடினமே. வாடுமே என்று அஞ்சி ஒரு செம்பு ஊற்றிவிடுவார்கள். இத்தகைய செடி பகலில் தன் மூச்சுத் துளைகளை மூடிவைத்து இரவிலேயே திறப்பதால், அதனுள் உள்ள நீர் எளிதில் குறைவதில்லை. காய்ந்து சாகும் தொட்டிச் செடிகளைவிட ஊற்றிச் சாகும் செடிகளே மிகுதி.

தொட்டி சுட்ட மண்ணாலானதாகவும், ஆழங்குறைந்து வாயகன்றதாகவும், அடியில் துளையுள்ளதாகவும் இருக்கவேண்டும். மெருகிட்ட பீங்கானும் பிளாஸ்டிக்கும் ஈரத்தை வெளிவிடா. செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலையுரம் அரைப் பங்கு ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். கரிசல் மண் ஆகாது; பச்சைச் சாணமும் ஆகாது. காலை வெயில் பட்டு உச்சிவெயிலில் நிழல் விழும் இடம் ஏற்றது. இயற்கையிலும் இது புதரின் நிழலையே நாடுகிறது. விரலை இரண்டங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டாதபோது மட்டும் நீர் விடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுவது உத்தமம்.

இரண்டு ஆண்டுக்கொரு முறை தொட்டி மாற்றவேண்டும். அதற்குள் மண் இறுகிவிடும். தண்டுகள் விளிம்பை எட்டி நெருக்கும். மழை ஓய்ந்து குளிர் நீங்கிய மாசி மாதம் இதற்குத் தக்கது. ஒரு வாரம் முன்பே நீரை நிறுத்திவிட்டால், தொட்டியைச் சாய்த்து விளிம்பைத் தட்டியதும் செடி மண்ணோடு கழன்று வரும். பழைய மண்ணை விரலால் உதிர்த்து வேரைக் கவனித்துப் பார்க்கவேண்டும். பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருப்பது வேர் மாவுப்பூச்சி. மேலே செடி காரணமின்றிச் சுருங்கினால் கீழே இதுவே இருத்தல் கூடும். வேரைச் சோப்பு நீரிற் கழுவி, பின் நல்ல நீரில் அலசவேண்டும். கறுத்த வேர்களை அறுத்தெறிந்து, செடியை மூன்று நான்கு நாள் நிழலில் உலர்த்திப் புதிய உலர்மண்ணில் வைக்கவேண்டும். தண்டின் அடியே கறுத்திருந்தால், வெட்டுமுகத்தில் கறையற்ற பசுஞ்சதை தெரியும்வரை மேலே மேலே அறுத்து, அந்த நுனித்துண்டைப் புதிதாக வேர்விடச் செய்யலாம். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்தல் வேண்டும்.

புதிய தொட்டி பழையதினும் இரண்டங்குலம் அகன்றிருந்தாற் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் விரைவில் பெருகும் என்பது தவறான எண்ணம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி, அதுவே அழுகலுக்கு வித்தாகும். மாற்றிய ஏழாம் நாள் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் கால் மணி நேரம் வைத்து அடியிலிருந்து நனையவிட்டு, எடுத்து நீர் வடியவிடவேண்டும்.

நன்கு வேரூன்றிய தொட்டியிலிருந்து துவையலுக்குத் தண்டெடுக்கும்போது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அறுக்கலாகாது. மிகுந்த துண்டுகளை, மழை தொடங்குமுன் நிலத்து வேலியில் காரை, சங்கம் முதலிய முட்செடிகளின் நிழற்புறத்தில், நீர் தேங்காத மேட்டில் நட்டுவிடலாம். ஆடு எட்டாதபடி முதலாண்டு முழுவதும் சுற்றிலும் முள் அடைத்துவைக்க வேண்டும்.