பழங்குடிப் பிள்ளை வாசித்தால் ஊரே ஏன் கூட வேண்டும்?

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவை என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு சமூகத்தாரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் வீடுகள் பலவற்றில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள், ஆரம்பப் பள்ளிக்குப் போகும் பிள்ளைதான். அந்தப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்து முடிக்கும் நாள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்குச் சற்றும் குறையாத கொண்டாட்டத்துக்கு உரியது.

எங்கிருந்து வந்த தூரம் இது?

பணியர்கள் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களின் வயல்களில் அடிமைப்பட்டு உழைத்தவர்கள். வயநாட்டில் மானந்தவாடி அருகேயுள்ள வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில், ஓராண்டு வேலைக்கு அவர்களை விலைபேசிப் பிடித்துப் போவது வழக்கமாக இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரிடையே 54 பேர் மட்டுமே.

வகுப்பறையில் என்ன சிக்கல்?

பணியர் பேச்சு வேறு, காட்டுநாயக்கர் பேச்சு வேறு. பள்ளித் தமிழ் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டாவது மொழி. ஆசிரியர் கேட்டதற்குப் பதில் தெரிந்தும் சொல்லத் தமிழ் வராமல் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். ‘படிப்பு ஏறாது’ என்று முத்திரை விழுந்துவிடும். நாளடைவில் வருகை குறையும், பிறகு நின்றேபோகும்.

கூடலூரில் உள்ள வித்யோதயா பள்ளி இதற்கு ஒரு வழி கண்டது. ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது. தன் பேச்சு புரிந்த ஆசிரியரிடம் பிள்ளை வாய் திறக்கிறது. அங்கிருந்து தமிழ் எழுத்துக்கு வருவது எளிதாகிறது.

அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. எந்த வகுப்பில் இருந்தாலும், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே பாடம் தொடங்குகிறது. பாதியில் பள்ளிக்கு வராமல்போய்த் திரும்பும் மலைப்பிள்ளைகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும்.

வாசிப்பைக் கொண்டாடும் விழா யாருடையதாக இருக்க வேண்டும்?

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தவர், எழுத்தறிவு இயக்கத்தில் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. கற்றவரே மேடையேறினார். நாமும் அதைப் பின்பற்ற வேண்டும்.

விழா ஊட்டியில் வேண்டாம். அந்தப் பிள்ளையின் குடியிருப்பிலேயே, பெரியவர்கள் வேலை முடித்து வந்த பிறகு நடக்கட்டும். மனப்பாடப் பாட்டு வேண்டாம். முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவின் எஸ்டேட் சம்பளச் சீட்டில் எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம் என்று பிள்ளை விரல் வைத்துப் படித்துச் சொல்லட்டும். படிப்பால் என்ன பயன் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் அந்தத் தாய்க்குத் தேவைப்படாது. பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைக்கும் ஆசை பிறக்கும்.

அதற்குப் பிறகு?

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளி தொலைவாகிவிடுகிறது. வழியில் யானை நடமாட்டம். அறுவடைக் காலத்தில் பெற்றோர் கூலிவேலைக்கு வெளியூர் போனால் பிள்ளைகளும் உடன் போகிறார்கள். வாசிக்கக் கற்ற பிள்ளையை நாம் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வாகன வசதியும் உடன்செல்ல ஒரு துணையாளும் தர ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் இடம் இருக்கிறது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. ஆகவே வாசிப்பு விழா நடக்கும் அன்றே, ஒவ்வொரு பிள்ளையும் அடுத்து எந்தப் பள்ளியில் சேரும், எப்படிப் போய்வரும் என்பதைத் தலைமையாசிரியர் ஊர் முன்னால் சொல்லட்டும். ஆண்டு முடிவில் அதே ஊர் அவரிடம் கணக்குக் கேட்கட்டும்.