அமைதியான பிள்ளையையும் கவனிப்போம்

வகுப்பில் யாருக்கும் தொல்லை தராத பிள்ளை ஒன்று இருக்கும். வாய்ப்பாட்டைப் பிழையின்றி ஒப்புவிக்கும். இடைவேளையில் மட்டும் சுவரோரம் தனியே நிற்கும். உட்காரும் இடத்தை மாற்றினால் அழும். ‘கூச்ச சுபாவம்’, ‘பிடிவாதம்’ என்று நாமும் கடந்துவிடுகிறோம்.

ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தென்படத் தொடங்கும். ஆயினும் பலருக்குப் பள்ளி வயதில்தான் கண்டறியப்படுகிறது. பேச்சும் படிப்பும் நன்றாக இருந்தால் ஐயம் எழுவதில்லை. பெண் குழந்தைகள் பலர் தோழியரைப் பார்த்து நடந்துகொண்டு தம் சிரமத்தை மறைத்துவிடுகின்றனர். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலிலும் ஆண்டுகள் கழிகின்றன. அதற்குள், தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று பிள்ளை நம்பத் தொடங்கிவிடுகிறது.

ஆட்டிசமா, இல்லையா என்று முடிவு செய்வது மருத்துவக் குழுவின் பணி. கண்டதைக் குறித்துவைப்பது நம் பணி. ‘அடம்பிடித்தான்’ என எழுதாமல், ‘மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் அமர்ந்தான்’ எனத் தேதியிட்டு எழுதுங்கள். சில வாரக் குறிப்புகள் சேர்ந்ததும் பெற்றோரிடம், ‘வீட்டிலும் இப்படி உண்டா?’ என்று பரிவுடன் கேளுங்கள். அவர்கள் ஒப்புதலுடன் வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடம் அக்குறிப்புகளைக் காட்டுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அவர் வழிகாட்டுவார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் இருந்தால் சட்டப்படியான சலுகைகளைக் கேட்டுப் பெறலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைய பாடவேளைகளைக் கரும்பலகையில் எழுதுவது, மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்வது, விளையாட ஒரு துணையைச் சேர்த்துவிடுவது ஆகியவற்றை நாளைக் காலையிலேயே தொடங்கலாம். இவற்றால் எந்தப் பிள்ளைக்கும் தீங்கில்லை.