காலையில ஓடலாமா... சாயங்காலமா?

அஞ்சு மணிக்கு அலாரம் அடிக்குது. அதன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, 'சாயங்காலம் பார்த்துக்கலாம்' என்று புரண்டு படுக்கிற கட்சியா நீங்க? கவலையே படாதீங்க. உங்களுக்கும் ஒரு நல்ல சேதி இருக்கு!

நம்ம ரத்த அழுத்தம் நாள் பூரா ஒரே மாதிரி இருக்காது. தூங்கும்போது 10 முதல் 20 சதவிகிதம் வரை இறங்கும். விடியும்போது விறுவிறுவென ஏறும். ராத்திரியில் சரியாக இறங்காவிட்டால், நாளடைவில் இதயத்துக்கு ஆபத்து. அதை நல்லா இறக்கிவிட எந்த நேரத்துப் பயிற்சி சரி?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பி.பி. கொஞ்சம் ஏற ஆரம்பித்திருந்த 20 பேரை அரை மணி நேரம் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். ஒரு நாள் காலை 7 மணி, இன்னொரு நாள் பகல் 1 மணி, மற்றொரு நாள் மாலை 7 மணி. 2014-ல் முடிவு வெளியானது. ராத்திரி பி.பி. அதிகம் இறங்கியது, காலையில் பயிற்சி செய்த நாளில்தான்!

'அப்போ காலைதான்' என்று தீர்ப்பு எழுதிடாதீங்க. பி.பி. மாத்திரை சாப்பிடும் 50 ஆண்களை வைத்து பிரேசிலில் 10 வாரம் சோதித்தார்கள். 2019-ல் வெளியான முடிவு நேர் எதிர். சாயங்காலம் சைக்கிள் மிதித்த கோஷ்டிக்குத்தான் பி.பி. நன்றாகக் குறைந்திருந்தது. அமெரிக்காவின் ஸ்கிட்மோர் கல்லூரி 2022-ல் சொன்னது இன்னும் சுவாரஸ்யம்: பி.பி. குறைய பெண்களுக்குக் காலை, ஆண்களுக்கு மாலை!

தலை சுத்துதா? இவையெல்லாம் சில பத்துப் பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுகள். ஆனால் எந்த நேரத்தில் செய்தாலும், பயிற்சி முடிந்து பல மணி நேரம் பி.பி. குறைந்தே இருக்கும். வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால், உங்களால் விடாமல் செய்ய முடிகிற நேரம்தான் உங்களுக்கு நல்ல நேரம். ராத்திரி 2 மணி வரை அரட்டை அடித்துவிட்டு 5 மணிக்கு ஓடுவதைவிட, நல்லாத் தூங்கி சாயங்காலம் ஓடுங்க.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ பி.பி. மாத்திரை போடுறாங்களா? டாக்டரைக் கேட்டுக்கிட்டு அவங்களையும் நடக்கக் கூட்டிட்டுப் போங்க. அப்படியே உங்க பி.பி.யையும் ஒரு தடவை பாருங்க. அது ஏறினா பெரும்பாலும் வெளியே தெரியாது. 'எனக்கு என்ன வயசாயிடுச்சு?' என்று மட்டும் கேட்காதீங்க ப்ளீஸ்!