உங்களுக்குத் தெரியுமா? முதலில் பூட்ஸ், அப்புறம்தான் ஃபின்!

● ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் தேசியப் பூங்காவில் சில்ஃப்ரா என்றொரு நிலப்பிளவு இருக்கிறது. வட அமெரிக்கக் கண்டத்தட்டும் யூரேசியக் கண்டத்தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடம் அது. பனிப்பாறை உருகிய நீர் எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் கசிந்து வந்து அந்தப் பிளவை நிரப்புகிறது. அதனால் 100 மீட்டர் தூரம்கூடத் தெளிவாகத் தெரியும். வெப்பநிலை ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். ட்ரைசூட் என்ற நீர்புகா உடை இல்லாமல் அங்கே யாரையும் முக்குளிக்க விடுவதில்லை. ட்ரைசூட் பயிற்சிச் சான்றோ முன் அனுபவமோ இருக்கிறதா என்றும் கேட்பார்கள்.

● வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகும். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகும். ட்ரைசூட்டுக்குள் தண்ணீரே வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் லேடக்ஸ், சிலிக்கோன் அல்லது நியோப்ரீன் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கனத்த கம்பளி உடுப்பும் காற்றும்தான். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால்தான் இத்தனை பாடு. இந்த உடை கணுக்காலோடு நிற்காது. பாதத்தையும் மூட வேண்டுமே! அதற்காகக் கீழே பூட்ஸையோ சாக்ஸையோ சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். ஃபின், அதாவது நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு, வாங்கப் போகிறவரின் தலைவலி இங்கேதான் ஆரம்பம்.

● வெப்பக் கடலில் வெறுங்காலோடு மாட்டும், குதிகாலும் மூடிய ஃபின் இதற்கு உதவாது. பின்பக்கம் திறந்து, குதிகாலில் ஸ்ட்ராப் போடும் வகைதான் வேண்டும்.

● "நான் 8 நம்பர் செருப்பு போடுறேன், எனக்கு எந்த சைஸ் ஃபின்?" கடைக்காரரிடம் இப்படிக் கேட்பதில் பயனில்லை. ஃபின்னுக்குள் போவது கால் இல்லை, பூட்ஸ். முதலில் பாதம், அதன்மேல் ஒன்றோ இரண்டோ கம்பளி சாக்ஸ், அதற்கு மேல் நியோப்ரீன், எல்லாவற்றுக்கும் வெளியே கெட்டியான ரப்பர் அடிப்பாகம். இத்தனையும் சேர்ந்த பிறகு நீளம் கொஞ்சம்தான் கூடும்; அகலமும் புறங்கால் உயரமும் எக்கச்சக்கமாக ஏறிவிடும். ஆனால் ஃபின் கம்பெனிகளின் அளவு அட்டவணையில் பெரும்பாலும் செருப்பு நம்பர் மட்டுமே இருக்கும். போதாக்குறைக்கு, ஒரு கம்பெனியின் எக்ஸ்.எல். இன்னொரு கம்பெனியின் எல்.லைவிடச் சின்னதாக இருப்பதும் உண்டு. வெட்சூட்டுக்கு மீடியம் போட்டவர் ட்ரைசூட்டுக்கு எக்ஸ்.எல். கேட்டால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. எனவே உடை முதலில், பூட்ஸ் அடுத்து, ஃபின் கடைசி. ஃபின் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று முதலில் அதை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கேற்ற பூட்ஸைத் தேடுகிறவர்கள் நிறைய. மாப்பிள்ளை பார்க்கும் முன்னே மண்டபம் பிடித்த கதை.

● பொருந்துகிறதா என்று பார்ப்பது எப்படி? கடலில் போடும் அதே சாக்ஸ், அதே உள்ளுடுப்பு, அதே பூட்ஸ் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஸ்ட்ராப்பைத் தொடாமல் காலை மட்டும் உள்ளே தள்ளுங்கள். பூட்ஸின் முனை ஃபின்னின் கால்பைக்குள் கடைசி வரை, அல்லது ஒரு விரல் குறைவாக, போக வேண்டும். பாதி வழியில் அகலம் சிக்கி நின்றுவிட்டால் அந்த ஃபின்னை வைத்துவிடுங்கள். பாதம் பாதிதான் உள்ளே இருந்தால் ஒவ்வொரு உதைக்கும் முழுப் பளுவும் கால்விரல்களிலும் ஸ்ட்ராப்பிலும் விழும். சற்று நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முழுதாகப் போய்விட்டால் அடுத்த சோதனை: காலைத் தூக்கி இடமும் வலமும் ஆட்டுங்கள். பூட்ஸ் ஒரு பக்கமும் ஃபின் ஒரு பக்கமும் திரும்பினால் அது தொளதொளப்பு. கடைசியாக, பாதத்தை நீட்டி விரல்களைக் கீழே மடக்குங்கள். புறங்காலில் அழுத்தினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும். கடையில் உலர்ந்த நிலையில் லேசாகப் பிடிப்பது பரவாயில்லை. நனைந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

● பூட்ஸே பெரிதாக இருந்தால்? அதுதான் பெரிய ஆபத்து. ட்ரைசூட்டுக்குள் இருக்கும் காற்று எப்போதும் உடம்பின் மேடான பகுதிக்கு ஓடும். தலைகீழானால் அந்த மேடு பாதம். காற்றை வெளியேற்றும் வால்வோ பெரும்பாலும் இடது மேல்கையில் இருக்கிறது. பாதத்தில் சேர்ந்த காற்றுக்கு வெளியே வர வழியில்லை. 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் அதன் கன அளவு இரண்டு மடங்காகும். தொளதொள பூட்ஸ் ஊதிப் பெருத்து, உள்ளே இருக்கும் கால் நழுவி வெளியே வந்துவிடும். பூட்ஸும் ஃபின்னும் மேலே ஆடிக்கொண்டிருக்க, உதைக்கக் கால் இல்லாமல் ஆள் தலைகீழாக மேலே போவார். முழங்காலை மடக்கிச் சுருண்டு, ஒரு குட்டிக்கரணம் போட்டு நிமிர்வதை ட்ரைசூட் பயிற்சியில் சொல்லித் தருவது இதற்காகத்தான்.

● இந்தச் சங்கடம் புதிதில்லை. அமெரிக்கக் கடற்படை 1916-இல் ஏற்றுக்கொண்ட மார்க் 5 ஆழ்கடல் உடையில், செம்புத் தலைக்கவசத்தோடு ஈய அடி வைத்த பூட்ஸும் உண்டு. ஜோடி சுமார் 16 கிலோ! கால் மேலே கிளம்பாமல் இருக்க அந்தப் பாரம். அது போதாதென்று, உடையின் கால் பகுதியைப் பின்புறம் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். காற்று காலுக்குள் நிறைந்து ஆளைக் கவிழ்க்கக் கூடாதல்லவா? இன்று ட்ரைசூட்காரர்கள் கெண்டைக்காலில் சுற்றும் கெய்ட்டர் பட்டைக்கும் இதே வேலைதான்.

● பூட்ஸில் இரண்டு சாதி. ஒன்று, உடையோடு நிரந்தரமாக ஒட்டியது. கால் நுழைத்தால் வேலை முடிந்தது. மற்றது, உடையின் நுனியில் நியோப்ரீன் சாக்ஸ் மட்டும் இருக்கும். அதன்மேல் ராக் பூட்ஸ் என்ற தனிக் காலணியை மாட்டி லேஸ் கட்ட வேண்டும். பாறைக் கரையில் நடக்க இரண்டாவது வகைக்கே என் ஓட்டு. கணுக்காலை இறுக்கிப் பிடிப்பதால் காற்று தேங்கவும் இடம் குறைவு. ஆனால் ராக் பூட்ஸின் முன்பக்கம் பொதுவாகத் தடிமன் அதிகம். ஒட்டிய பூட்ஸுக்குச் சரியாக இருந்த ஃபின் இதற்கு நுழைய மறுக்கலாம். உடையை மாற்றினால் ஃபின்னையும் மறுபடி அளந்துதான் ஆக வேண்டும்.

● பூட்ஸின் குதிகால் பக்கம் சின்னதாக ஒரு மேடு துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ராப் கீழே நழுவாமல் தாங்குவதற்காக அது.

● ஆழம் போகப் போக நியோப்ரீன் நசுங்கும். மேலே கச்சிதமாக இருந்த ரப்பர் ஸ்ட்ராப் கீழே தளரும். ஸ்டீல் ஸ்பிரிங் ஸ்ட்ராப் தானே சுருங்கி இடைவெளியை எடுத்துக்கொள்ளும். கனத்த கையுறையோடு பக்கிளைத் தேடித் தடவ வேண்டியதும் இல்லை, பின்னால் உள்ள வளையத்தைப் பிடித்து இழுத்தால் போதும். ஃபின்னில் ஒரே ஒரு கூடுதல் செலவு செய்யலாம் என்றால் இதற்குச் செய்யுங்கள்.

● ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் ஜெட் ஃபின் 1960-களின் நடுவில் வந்தது. பிரான்சின் பூஷா நிறுவனத்தில் பிறந்த வடிவம் அது. கருப்பு ரப்பர், குட்டையான அகல இலை, நடுவே நீர் போகும் துளைகள். அழகென்று சொல்ல முடியாது. ஆனாலும் ட்ரைசூட் உலகில் இன்றும் அதற்கு மவுசு. அகலமான கால்பை பருத்த பூட்ஸை வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் மூழ்கும் அதன் கனம், மிதக்கத் துடிக்கும் காலைக் கீழே வைக்கும். இலேசான பிளாஸ்டிக் ஃபின் போட்டவர்கள் கணுக்காலில் அரை கிலோ, ஒரு கிலோ எடை கட்டிச் சமாளிப்பார்கள். ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையையும் சேர்த்தே ஆட்ட வேண்டும் என்பதால் சீக்கிரம் களைப்பு வரும்.

● சிறுவனாக இருந்தபோது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கைக்கு மரப்பலகைத் துடுப்பு செய்து நீந்தினார். காலுக்கும் ஒருவகைச் செருப்பு செய்து பார்த்தார், அது திருப்தி தரவில்லை. ரப்பர் ஃபின்னுக்கு 1930-களில் காப்புரிமை வாங்கியவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ. அதை அமெரிக்காவில் பரப்பிய ஓவன் சர்ச்சில், 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர்.

● பழைய ட்ரைசூட் மலிவாகக் கிடைக்கிறது, உடம்புக்குப் பொருந்துகிறது, பூட்ஸ் மட்டும் பெரிது. விட்டுவிட வேண்டியதில்லை. ட்ரைசூட் பழுது பார்ப்பவர்கள் பூட்ஸை வெட்டியெடுத்துவிட்டு உங்கள் அளவில் வேறு பூட்ஸோ சாக்ஸோ ஒட்டித் தருவார்கள். ஒட்டி முடித்ததும் தொட்டியில் போட்டுக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். அந்த உடையோடு விற்பவர் இலவசமாகத் தரும் ஃபின்னை, புது பூட்ஸை மாட்டிப் பார்க்கும் வரை நம்ப வேண்டாம்.