வாசல் தூரம் – 12: மூவாரில் நடந்த சோதனை

ஜொகூர் பாருவின் தம்போய் மருத்துவமனைக் கதையைப் போன வாரத்தோடு முடித்தோம். 1937-இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனை எப்படி இன்றைய பெர்மாய் மருத்துவமனை ஆனது என்பது தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைப் பற்றியும் தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களைப் பற்றியும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் பழைய கட்டுரைகளைப் புரட்டியபோது மூவாரில் நடந்த ஓர் ஆய்வு கையில் சிக்கியது. இந்தத் தொடர் இத்தனை வாரமாகக் கேட்டுவரும் ஒரே கேள்வி, சிகிச்சையின் வாசல் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. அதற்கு இவ்வளவு தெளிவான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூவார் என்றதும் ஒத்தாக்-ஒத்தாக்கும் மரச்சாமான் தொழிற்சாலைகளும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்த ஊரில் போதைச் சிகிச்சையில் ஈடுபட்டிருந்த டாக்டர் மஹ்முட் மஸ்லானும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷாட்டன்ஃபெல்ட், மாரெக் சவார்ஸ்கி ஆகியோரும் சேர்ந்து, ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த 126 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2008-இல் 'லான்செட்' இதழில் வந்தது. உலகமெங்கும் மருத்துவர்கள் மதித்து வாசிக்கும் இதழ் அது. ஜொகூர்க்காரர்கள் ஊர் ஊராகச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்க வேண்டிய செய்தி. நம்மவர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சோதனை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 126 பேருக்கும் முதலில் உடம்பிலிருந்த போதையை இறக்கினார்கள். பிறகு குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். 44 பேருக்கு பூப்ரெனார்ஃபின். 43 பேருக்கு நால்ட்ரெக்ஸோன். மீதி 39 பேருக்குப் பார்வைக்கு மருந்து போலவே இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று வாங்குபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஆனால் மூன்று பிரிவினருக்கும் 24 வாரம் ஒரே மாதிரியான போதை மீட்பு ஆலோசனை உண்டு. வீட்டில் இருந்தபடி கிளினிக்குக்கு வந்து போகும் சிகிச்சை இது. யாரையும் உள்ளே வைத்துப் பூட்டவில்லை.

பூப்ரெனார்ஃபின், மூளையில் ஹெராயின் போய் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் முழு வேகத்தில் வேலை செய்யாது. உடம்பு முறுக்குவதையும் ஏக்கத்தையும் அடக்கும் அளவுக்குத்தான் செய்யும். நால்ட்ரெக்ஸோன் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அதன்மேல் ஹெராயின் எடுத்தாலும் போதை ஏறாது. ஆனால் ஏக்கம் அப்படியே இருக்கும்.

முடிவு என்ன? பூப்ரெனார்ஃபின் வாங்கியவர்களே ஹெராயினைத் தொடாமல் அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள். நால்ட்ரெக்ஸோனுக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆட்களைச் சேர்க்கத் தொடங்கி 22 மாதம் ஆனபோது, இடைக்காலக் கணக்கிலேயே இது தெளிவாகத் தெரிந்துவிட்டதால் சோதனையை நிறுத்தினார்கள். பலன் எதில் என்று தெரிந்த பிறகும் ஒருவருக்கு வெற்று மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருப்பது அறமாகாது.

அந்த 39 பேரை என்னால் மறக்க முடியவில்லை. திருந்த வேண்டும் என்று தாங்களாகவே வந்தவர்கள். ஆலோசனையும் பெற்றவர்கள். 'மனசு வெச்சா முடியாதா?' என்று நம் வீடுகளில் கேட்கிறோமே, அந்த மனசை வைத்தவர்கள். அவர்களிடம் இல்லாதது மருந்து மட்டுமே. போதைப்பித்தன் என்று பெயர் சூட்டி வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு முன் நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய இடம் இது.

இதனுடன் சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னோர் ஆய்வு கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தது, 2017-இல் வெளிவந்தது. போதைப்பொருள் சார்ந்தோருக்கான 1983-ஆம் ஆண்டுச் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டப்படி கட்டாய மறுவாழ்வு மையத்தில் அடைபட்டு வெளியே வந்தவர்களையும், தாமாக முன்வந்து ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். அடைபட்டு வந்தவர்களில் பாதிப்பேர் மீண்டும் போதைக்குத் திரும்ப ஆன காலம் 31 நாள். தாமாக வந்தவர்களிடம் அது 352 நாள். சுவர் எழுப்பிச் செய்யும் வைத்தியம் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அரசாங்கம் இதை உணராமல் இல்லை. 2002-இல் மட்டும் நாட்டில் 6,978 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது; அவர்களில் பெரும்பாலோர் ஊசி வழியே போதை ஏற்றியவர்கள். அந்த அதிர்ச்சிதான் 2005 அக்டோபரில் மெத்தடோன் திட்டத்தையும், 2006-இல் ஊசி மாற்றுத் திட்டத்தையும் கொண்டுவந்தது. ஊசி மாற்றுத் திட்டத்தை முதலில் சோதித்துப் பார்த்த மூன்று நகரங்களில் ஜொகூர் பாருவும் ஒன்று. இங்கே 'இந்தான் லைஃப்ஸோன்' என்ற தொண்டு அமைப்பு அதை ஏற்று நடத்தியது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசியைக் கொடுப்பதற்கு எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பார்கள்! அந்தத் தொண்டர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மெத்தடோன் வாங்கும் முறை மிக எளிது. கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் மருந்தாளர் பாகு மருந்தை அளந்து சிறு குவளையில் ஊற்றித் தருவார். அவர் கண்முன்னே குடிக்க வேண்டும். மேலே தண்ணீர் குடித்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். வாயில் ஒதுக்கிவைக்காமல் விழுங்கியது அப்போதுதான் உறுதியாகும். ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். நிலைமை சீரான பிறகு சில நாளுக்கான மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள்.

இப்போது ஸ்கூடாயில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். வேலை சிங்கப்பூரில். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் பாலத்து நெரிசலைத் தாண்ட முடியும். திரும்பி வரும்போது இருட்டிவிடும். கிளினிக்கோ அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். சிங்கப்பூரில் மெத்தடோன் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் இருப்பதால், கையில் எடுத்துக்கொண்டு பாலம் ஏறவும் முடியாது. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் இவருக்கு வேலை போகும், இல்லையென்றால் சிகிச்சை போகும். அவர் எதை விடுவார் என்று நமக்குத் தெரியும். அவர் வீட்டிலிருந்து கிளினிக் வாசல் கிலோமீட்டர் கணக்கில் பக்கம்தான். கடிகாரக் கணக்கில் எட்டாத தூரம்.

இந்தத் தூரத்தைக் குறைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அருகேயுள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் 2010-இலிருந்து மெத்தடோன் வழங்கினார்கள். டாக்டர் ருஸ்டி அப்துல் ரஷீட்டும் அவருடைய குழுவினரும் தொடங்கிய முயற்சி. தொழுகைக்கு வரும் இடத்திலேயே மருந்து, அங்கேயே ஆறுதல் வார்த்தை. பள்ளிவாசலில் இப்படிச் செய்தது உலகிலேயே அதுதான் முதல் முறை என்று சொல்கிறார்கள்.

ஒரு கட்டடத்தின் வேலையை மாற்றுவது அவ்வளவு சுலபமா என்று கேட்பவர்களுக்குத் தம்போயிலேயே பதில் இருக்கிறது. போன வாரம் இடமில்லாமல் விட்டுப்போன செய்தி இது. 1941 நவம்பரில் அந்த மனநல மருத்துவமனைக்குள் ஆஸ்திரேலிய ராணுவத்தின் 13-ஆவது பொது மருத்துவமனை குடிவந்தது. ஜப்பானியர் தரையிறங்குவதற்குச் சில வாரம் முன்பு, மனநோயாளிகளுக்காகக் கட்டிய வார்டுகள் படை வீரர்களுக்கான வார்டுகளாயின. 1942 ஜனவரி கடைசியில் அவர்கள் சிங்கப்பூருக்குப் பின்வாங்கினார்கள்.    அவசரம் என்று வந்தபோது அந்த இடம் உடனே மாறியது. இன்று நம் அடுக்குமாடிகளில் இருப்பதும் அவசரம்தான்.

அதற்குக் காரணம், போதையும் மாறிவிட்டது. ஹெராயின் இருந்த இடத்தை இப்போது சியாபு என்னும் மெத்தம்பெட்டமின் பிடித்துக்கொண்டது. அதற்கு மெத்தடோன் போன்ற மாற்று மருந்து கிடையாது. தொடர்ந்து எடுப்பவர்களில் சிலருக்குக் காதில் குரல் கேட்கிறது, பெற்ற தாயின்மேலேயே சந்தேகம் வருகிறது. போதையும் மனநோயும் ஒரே ஆளிடம் வந்து நிற்கின்றன. அவருக்கான கவுண்டர்கள் மட்டும் இரண்டாக இருக்கின்றன. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் உள்துறை அமைச்சின் கீழ். பெர்மாயும் கிளினிக்குகளும் சுகாதார அமைச்சின் கீழ். அங்கே போனால் இங்கே போ என்பார்கள். 2011-இல் செலாயாங்கில் தொடங்கிய 'மெந்தாரி' சமூக மனநல மையங்கள் இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை. மருத்துவமனைச் சுவருக்கு வெளியே, கடைவரிசைகளிலும் சிறு கட்டடங்களிலும் இயங்கத்தக்கவை. நோயாளி வேலை தேடிக்கொள்ளவும் உதவுபவை. மாசாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் ஸ்கூடாய்க்கும் தனித்தனி மெந்தாரி வேண்டும். இரவு பத்து மணிவரை திறந்திருக்க வேண்டும். தமிழ் பேசும் ஆலோசகர் இருக்க வேண்டும். போதைக்கும் மனநோய்க்கும் ஒரே கவுண்டர் வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. 1911-இல் எழுந்த ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் ஆலயம் தொடங்கி, தோட்டத்து மக்கள் பெயர்ந்து வந்து கட்டிய சின்னக் கோயில்கள்வரை இந்த மாநிலத்தில் மண்டபம் இல்லாத கோயில் அரிது. கல்யாண நாள் போக மற்ற நாளில் அவை பூட்டியே கிடக்கின்றன. பள்ளிவாசலால் முடிந்தது கோயிலால் முடியாதா? ஆலய நிர்வாகத்தினரை உரிமையோடு கேட்கிறேன்: வாரத்தில் ஒரு மாலை உங்கள் மண்டபத்தை ஓர் ஆலோசகருக்கும் ஒரு தாதிக்கும் திறந்துவிடுங்கள். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் தாய்மாரில் பிள்ளையை நினைத்து அழுகிறவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும்.

சம்சு அடுத்த வாரம். அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555. இன்றைக்கே கூப்பிடுங்கள்.